எல்லாரும் ஏறியாச்சு

ஹமாசுமி
ஏப்ரல் 18, 1967

அக்காவுக்கு,

சவாகோ எழுதுகிறேன். புத்தாண்டு அட்டைகளை விட்டால் ஏழு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். செர்ரி பூத்தது, உதிர்ந்தது என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். பூத்திருக்கும். நான் பார்க்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் அப்பா விழுந்துவிட்டார். காலையில் கோயிலில் ஓதிக்கொண்டிருந்தவர் மணி அடிக்கக் கையைத் தூக்கினார், அப்படியே சாய்ந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. "ஆ" என்கிறார். கோபமும் அதுதான், பசியும் அதுதான். அம்மாவுக்குப் புரிகிறது, அல்லது புரிந்த மாதிரி ஓடி ஓடிச் செய்கிறாள். உனக்கு அப்போதே எழுதப் பேனாவை எடுத்தேன். அம்மா பிடுங்கி வைத்தாள். "அவ வந்து வாசல்ல நிப்பா. உள்ள வராதேன்னு உங்கப்பா சொன்ன சொல்லு அப்படியே கிடக்கு. அதைத் திரும்ப வாங்க அவருக்கு இப்ப நாக்கு இல்ல. நான் யார் பக்கம்டி நிக்கறது?" என்று அழுதாள்.

நாம் பிறந்து வளர்ந்த வீடு நம்முடையதல்ல, கோயிலுடையது. கோயிலில் ஓத அப்பாவைப் போல ஒரு பிக்கு இருக்கும்வரைதான் அந்தச் சமையலறை அம்மாவுடையது. மார்ச்சில் தர்மகர்த்தா தொரிகோயே ஊர்ப் பெரிய மனிதர்களோடு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்தார். தேநீர் வைத்தேன், தொடவில்லை.

"அம்மா, நாங்க ஒண்ணும் கல்நெஞ்சுக்காரங்க இல்ல," என்று ஆரம்பித்தார். "ஆனா ஆகஸ்ட்ல முன்னோர் திருவிழா வந்துடும். வீட்டுக்கு வீடு போய் ஓத ஆள் வேணுமா இல்லியா? உங்க பொண்ணு ஒரு பிக்குவைக் கட்டிக்கிட்டா அவர் இங்கயே வந்துடுவார். நீங்களும் இங்கயே இருக்கலாம். இல்லாட்டி தலைமைக் கோயில்லேர்ந்து யாரையாவது அனுப்புவாங்க. அவரும் பெண்டாட்டி பிள்ளைகளோடதான் வருவார். அப்புறம் இடம்..." அதற்கு மேல் சொல்லாமல் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. பெயர் எஷுன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கோயிலில் இரண்டாவது மகன். அண்ணன் அப்பா இடத்துக்கு வந்துவிட்டதால் இவருக்கு ஒரு கோயில் தேவை. நமக்கு ஒரு பிக்கு தேவை. இதில் நான் எதற்கு என்று கேட்காதே, நடுவில் கட்டும் கயிறு நான்தான். பெண் பார்க்க ஓட்டலில் அறை எடுத்தால் வீண்செலவு என்று தொரிகோயே ஒரு யோசனை கண்டுபிடித்தார். நடவுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் கியோத்தோ போய்த் தலைமைக் கோயிலைக் கும்பிடுவது வழக்கம்தானே, அதிலேயே இதையும் சேர்த்துவிட்டார். மே 14, ஞாயிறு மதியம், அரைநாள் சுற்றுலாப் பேருந்து. மாப்பிள்ளை வீட்டாரும் அதிலேயே ஏறுவார்கள். "கோயிலும் பாத்தாச்சு, பொண்ணும் பாத்தாச்சு, ஒரே டிக்கெட்டு!" என்று தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்.

அது உன் கம்பெனிப் பேருந்து. நீ வழிகாட்டியாக இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. ஏதோ துணிக்கடையில் இருப்பதாக அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கு நீ விடுப்பு எடுத்துக்கொள். இதைக் கேட்கத்தான் எழுதினேன்.

சவாகோ

பி.கு: மாதாமாதம் வீடுகளில் ஓதப் பக்கத்து ஊர் பிக்கு வருகிறார். அவர் வராத நாளில் நானே சைக்கிளில் போய் ஓதி மணியடித்துவிட்டு வருகிறேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.


கியோத்தோ
ஏப்ரல் 23

என் கண்ணே சவா,

அடிப்பாவி! பிப்ரவரியில் விழுந்தவரைப் பற்றி ஏப்ரலில் எழுதுகிறாயே, நீயெல்லாம் ஒரு தங்கையா! பணிமனையில் நின்றபடியே படித்தேன். தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு நான் ஓவென்று அழுததில், யாரோ பயணி கையைப் பிடித்து இழுத்துவிட்டான் என்று நினைத்து ஓட்டுநர் ஹிரசே அண்ணன் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். அப்பாவுக்குத்தான் என்று சொன்னேன். ஒரு ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தார்.

ஒரே டிக்கெட்டாம்! அந்த மனுஷன் செத்தால் சவ ஊர்வலத்தையும் சுற்றுலாவோடு சேர்த்துவிடுவார்.

விடுப்பா? நானா? மாட்டேன். அன்றைய மதிய வண்டி என் முறை. முறையாக இல்லாவிட்டாலும் யார் காலிலாவது விழுந்து வாங்கியிருப்பேன். அவர்கள் என்னைப் பார்த்தால் பார்க்கட்டும். நான் திருடவில்லை, பிச்சை எடுக்கவில்லை. முன்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பின்பக்கமாகவே ஊரைச் சுற்றி வந்து, 'உங்கள் இடது புறத்தில்' என்று என் வலது கையை நீட்டிப் பிழைக்கிறேன். கௌரவமான வேலை. "இந்த ஊர் பிக்குங்க எல்லாம் கல்யாணம் பண்ணிக்குவாங்களாமே!" என்று தோக்கியோக்காரர்கள் இளிக்கும்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன். எனக்குள்ளே என்ன ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியவா போகிறது?

எனக்குத் தெரியும் சவா. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் தேநீரைத் தொடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு பிக்குவைப் பார்த்தார்கள். பாயில் கை ஊன்றிக் குனிந்து கும்பிட்டபோது மூச்சு நின்றது, இனி ஆயுசுக்கும் இந்தப் பாய்தான், இந்த வாசனைதான் என்று. மறுநாள் முதல் ரயிலில் ஏறிவிட்டேன். எழுந்து நிற்கத் தெரிந்த கால் எனக்கு இருந்தது. உன் கால் மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகையால் கவனமாகப் படி. சுற்றுலாவில் மூன்றாவது நிறுத்தம் தலைமைக் கோயில். கும்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் அவரவர் இஷ்டத்துக்கு விடுவோம். பெரிய ஜிங்கோ மரத்தைத் தாண்டி நடந்தால் பின்வாசல். வெளியே வந்ததும் டிராம் நிறுத்தம். வடக்கே போகிற டிராம், கடைசி நிறுத்தம், குளியல் கூடத்துக்கு மாடி என் அறை. சாவி பூந்தொட்டிக்கு அடியில். வண்டி கிளம்பும்போது தலை எண்ணுவது நான். 'எல்லாரும் ஏறியாச்சு' என்று நான் சொன்னால்தான் ஹிரசே அண்ணன் கியரைப் போடுவார். நான் சொன்னால் ஏறியாச்சு. யார் எண்ணிச் சரிபார்க்கப் போகிறார்கள்?

விடுப்பு எடு என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் ஏன் தேதியும் நேரமும் எழுதுகிறாய்? ஏழு வருஷமாக எழுதாதவள் ஏன் இப்போது எழுதுகிறாய்? எனக்குப் புரிந்துவிட்டது. பதில் எழுதாதே.

உன் அக்கா
கினுவே


(தபால் அட்டை)
மே 2

அக்காவுக்கு. கடிதம் கிடைத்தது. சுற்றுலாவில் எல்லா இடங்களையும் பார்த்துவிட்டு எல்லாரோடும் அதே பேருந்தில் திரும்புவதாக இருக்கிறேன். பின்வாசல் எதையும் பார்க்கத் தேவையில்லை. விடுப்பு எடு. அப்பா அப்படியேதான் இருக்கிறார்.
சவாகோ


ஹமாசுமி
மே 17

அக்கா,

எதற்காக அப்படிச் செய்தாய்?

முதலில் இருந்தே சொல்கிறேன். நீ மறந்தால்கூட நான் மறக்கக் கூடாது. அம்மாவின் கத்தரிப்பூ நிறக் கிமோனோ எனக்கு. அம்மா அப்பாவோடு இருந்துவிட்டதால் தொரிகோயேயின் மனைவி என்னை ஓட்டிக்கொண்டு வந்தாள். ரயிலில் வரும்போதே இடுப்புப் பட்டையை இரண்டு தடவை இறுக்கிவிட்டாள். "மூச்சு முட்டுது மாமி" என்றேன். "முட்டட்டும், அப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கும்" என்றாள்.

பேருந்துப் படியில் நீ நின்றாய். எனக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கும்பிட்டாய். ஏழு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தை ஒரு ஜாண் தூரத்தில் பார்த்தேன். அந்த முகம் "வாங்க வாங்க, படி பார்த்து ஏறுங்க" என்றது. நீ மெலிந்துவிட்டாய்.

தொரிகோயே போட்ட கணக்கு இது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நான் இடம் மாறி உட்கார வேண்டும். முதலில் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில், அடுத்தது தொரிகோயே மனைவியோடு, மூன்றாவது நிறுத்தத்துக்குப் பிறகு பின்வரிசையில் மாப்பிள்ளையோடு. ஆயிரம் சிலை மண்டபத்தில் எஷுனோடு கொஞ்சம் நடந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்க கோயில் கூரை ஒழுகுதா?"

"வடகிழக்கு மூலைல ஒழுகுது."

"எங்களுதும்தான்."

கெட்டவர் இல்லை. ஆயிரம் சிலைகளையும் கூரையைப் பார்க்கும் கண்ணோடேயே பார்த்தார். எனக்குப் பின்னால் தொரிகோயே தன் மனைவியிடம் கிசுகிசுத்தது கேட்டது: "அந்த மைக் பொண்ணு நம்ம பிக்குவோட பெரியவ இல்ல? துணிக்கடைன்னாங்களே! குரலைப் பாரேன், அப்படியே அவங்கப்பன் ஓதற மாதிரி இழுக்கறா." நீ அப்போது அந்த மண்டபத்தின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு இடத்தில்கூட உன் குரல் தடுக்கவில்லை.

தலைமைக் கோயிலில் கும்பிட்டோம். எனக்கு ஒரு வேலை இருந்தது, அலுவலகத்துக்குப் போனேன். என்ன வேலை என்று கேட்க உனக்கு உரிமையில்லை. கொஞ்சம் நேரமாகிவிட்டது. நீண்ட மரத் தாழ்வாரத்தில் திரும்பி வரும்போதே உன் விசில் கேட்டது. வண்டியைப் பின்னால் எடுக்க ஊதும் விசில். ஓடினேன் அக்கா. இடுப்புப் பட்டையோடு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வெள்ளைக் காலுறையோடு சரளைக்கல்லில் ஓடினேன். முற்றத்தில் வண்டி இல்லை. மிட்டாய் விற்கிற பெண், "இப்பத்தான் போச்சும்மா. ஒருத்தங்க வரணும் போலிருக்கேன்னு நான் கையக்கூட ஆட்டினேன். அந்த வழிகாட்டிப் பொண்ணு பாத்துட்டு, சிரிச்சுட்டு, ஏறிப்போயிடுச்சு" என்றாள்.

சிரித்தாயாமே.

உன் அறைக்கு நான் வரவில்லை. சாயங்காலம் ஒவ்வொருவராக வழி கேட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ஊர்க்காரர்கள் நடைமேடையில் நின்றார்கள். எஷுனின் அம்மா முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். ஹமாசுமி வரும்வரை தொரிகோயே ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார், இறங்கும்போது மட்டும், "அக்காவும் ஓடினா, தங்கச்சியும் ஓடினா. நல்ல குடும்பம்" என்றார். நான் ஓடவில்லை என்று அவரிடம் எப்படி நிரூபிப்பேன்?

எனக்குப் பதினேழு வயதில் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்துப் படுக்கை மடித்திருந்தது. சொல்லாமல் போனாய். இப்போது கண்ணெதிரே இரண்டாவது தடவை. உறை தீர்ந்துபோய் அட்டையில் எழுதினாலும் தெளிவாக எழுதியிருந்தேனே, பேருந்தில் திரும்புவேன் என்று.

சவாகோ


கியோத்தோ
மே 21

சவா,

அட்டையில் எழுதியிருந்தாய். அட்டை! அதனால்தான் நான் நம்பவில்லை. உறை இல்லாத அட்டையை நம் ஊரில் தபால்காரர் படிப்பார், அரிசிக் கடைக்காரர் படிப்பார், தொரிகோயே மூக்குக் கண்ணாடி போட்டுப் படிப்பார். அவர்கள் கண்ணுக்காக எழுதியிருக்கிறாய் என்றே நினைத்தேன். 'பின்வாசல் பார்க்கத் தேவையில்லை' என்று படித்ததும், அடி கெட்டிக்காரி, சரி என்று சொல்லிவிட்டாளே என்று துள்ளினேன். உறை தீர்ந்துபோய் யாராவது அட்டையில் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மிட்டாய்க்காரி சொன்னது நிஜம். சிரித்தேன். அவள் கை ஆட்டினாள், ஒரு தலை குறைகிறது என்று எனக்குத் தெரியும், என் நெஞ்சு அடித்த அடியில் சிரிப்புத்தான் வந்தது. நீ அப்போது டிராமில் இருப்பதாக நினைத்தேன். வண்டிக்குள் ஏறி ஒவ்வொரு வரிசையாக விரலை நீட்டி எண்ணினேன். பின்வரிசையில் அந்தப் பையன், பக்கத்து இடம் காலி. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எங்கே என்று கேட்கப் போகிறான், தொலைந்தேன் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மெதுவாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சவா, அவனும் யாராவது ஓடிப்போக மாட்டார்களா என்றுதான் காத்திருந்தான்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் ஹிரசே அண்ணன்.

"எல்லாரும் ஏறியாச்சு!" என்றேன்.

மைக்கில் படகுக்காரர் பாட்டுப் பாடினேன். இத்தனை வருஷத்தில் அப்படிப் பாடியதில்லை, வண்டியே கை தட்டியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் தொரிகோயே மனைவி, "பொண்ணு எங்கே?" என்று அலறினாள். எண்ணுவதில் தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லித் தரைவரை குனிந்தேன். தொரிகோயே கிட்டே வந்து, என் தொப்பிக்கு மேலாக, "நீ எண்ணத் தெரியாதவ இல்லம்மா" என்றார். அப்படியே குனிந்திருந்தேன்.

கணக்கை ஒப்படைத்துவிட்டு ஓட்டமாக ஓடினேன். உனக்குப் பிடிக்குமே என்று கானாங்கெளுத்தி சுஷி ஒரு முழு உருளை வாங்கினேன். மாடிப்படியில் ஏறும்போதே "சவா!" என்று கூப்பிட்டேன். பூந்தொட்டியைத் தூக்கினால் சாவி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனியில் என்னைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பணிமனையில் வண்டி கழுவுகிறேன். அது கிடக்கட்டும், தகும் எனக்கு.

நான் முடிவு பண்ணிவிட்டேன். நான் வருகிறேன். கூரையைப் பார்க்கும் அந்தப் பையனோ வேறு எந்த மொட்டைத் தலையோ, யாரை நிறுத்தினாலும் கட்டிக்கொள்கிறேன். தொரிகோயேக்கு ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதானே, எந்தப் பெண் என்று அவருக்குக் கவலையில்லை. நீ சாவியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. அப்பா வாசலில் கால் வைக்காதே என்றாரே, அதற்கு நான் சமையலறைப் பக்கமாக வருகிறேன். ஜூன் முதல் தேதி ரயில் ஏறுகிறேன். என் கால் மரத்தாலும் பரவாயில்லை, நீ எழுந்திரு.

கினுவே


ஹமாசுமி
மே 25

அக்கா,

வராதே! இந்தக் கடிதம் முதல் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். ரயில் ஏறாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், என்னை இன்னொரு தடவை காப்பாற்றாதே.

அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்க உரிமையில்லை என்றேன். சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் பிக்குவாக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப் போனேன்.

சிரிக்காதே. நம் பிரிவில் உண்டு, எங்கோ ஒன்றிரண்டு விதவைகள் கணவரின் கோயிலை அப்படி நடத்துகிறார்கள். பிப்ரவரியிலிருந்து பக்கத்து ஊர் பிக்கு வராத நாளெல்லாம் வீடு வீடாகப் போய் நான்தானே ஓதுகிறேன். முதலில் பயம், பிறகு பழக்கம், பிறகு எனக்குப் பிடித்துப் போய்விட்டது. மீன்காரர் வீட்டில் ஓதி முடித்துத் திரும்பினால், அவர் தன் செத்த மகனுடைய படத்துக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார், நான் எழுந்து போனதுகூடத் தெரியாது. அந்தக் கோயிலும், அந்தப் பாயும், நீ மூச்சு நின்றது என்றாயே அந்த வாசனையும், எனக்கு வேண்டும் அக்கா. மாப்பிள்ளைதான் வேண்டாம்.

இதை யாரிடம் சொல்வேன்? எல்லாரும் கேட்டது, எவள் எவனைக் கட்டிக்கொள்வாள் என்பதைத்தான். யார் ஓதுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. ஓடிப்போனபோது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்தாய். என் கதவையும் சேர்த்துச் சாத்திவிட்டுப் போனாய். நீ போன நாளிலிருந்து நான் இங்கே இருப்பது மாட்டிக்கொண்டதாக ஆகிவிட்டது. 'பாவம் சின்னவ, அவ தலையில விழுந்துடுச்சு' என்று ஊரே பேசியது. எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கும் என்று சொன்னால், வேறு வழி இல்லாமல் சொல்கிறாள் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆசைப்பட்டு இருக்கிற இடத்திலேயே என்னைக் கைதியாக்கிவிட்டீர்கள்.

அன்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேருந்துக்குத் திரும்புவதாகத்தான் இருந்தேன். திரும்பியிருந்தால் அந்தக் காகிதத்தை மடியில் வைத்தபடி எஷுன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், தொரிகோயே தலையை ஆட்டு என்றால் ஆட்டியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். வண்டி போய்விட்டதால் முற்றத்தில் நின்றேன். வேறு போக்கிடம் இல்லாமல் பெரிய மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தேன். சாயங்கால ஓதல் தொடங்கியது, வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. முடிந்ததும் அலுவலகத்துக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். "உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்றார். யாரும் இல்லை, அப்பா ஓதுவது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது என்றேன். "ஜூலைல பத்து நாள் பயிற்சிக்குச் சேர்க்கறாங்க. பேரைக் குடுத்துட்டுப் போ" என்றார். கொடுத்தேன்.

நீ செய்தது தப்பு. இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. நன்றி சொல்ல மாட்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா "ஆ" என்றார். நல்லதா கெட்டதா தெரியவில்லை, அம்மாவும் இந்தத் தடவை மொழிபெயர்க்கவில்லை. தொரிகோயே வந்து சத்தம் போட்டார்.

"பொம்பள மணி அடிச்சா முன்னோருங்க வருவாங்களா?"

"மூணு மாசமா நான்தான் அடிக்கறேன் ஐயா. யாரும் திரும்பிப் போனதாத் தெரியலியே."

அவர் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார், கோபத்தில். ஆகஸ்ட் திருவிழாவரை பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு வீட்டில் ஒரு வரி தடுக்கினாலும் நாங்கள் மூன்று பேரும் வெளியே. ஜூலைக்குள் மனப்பாடம் செய்ய வேண்டியது மலையாகக் கிடக்கிறது. எஷுன் அவருடைய பழைய பாடப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறார். எங்கே மூச்சு விட வேண்டும் என்று பென்சிலால் குறித்திருக்கிறார், வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கட்டுமா? கோயில் வேண்டாம் என்று ஓடினாய். தினமும் அதே கோயில்களைச் சுற்றி, அதே வரிகளை, அதே இடத்தில் இழுத்து ஓதுகிறாய். அப்பாவாவது மழைக்காலத்தில் வரிகளை மாற்றுவார். நீ எங்கே போய்ச் சேர்ந்தாய் அக்கா?

சவாகோ


கியோத்தோ
ஜூலை 16

சவா,

நீ கேட்ட கேள்விக்கு இத்தனை நாளாகப் பதில் இல்லை. உன்மேல் கோபப்பட்டேன், உறையில் முகவரி எழுதிக் கிழித்தேன், வண்டிகளை உரசி உரசிக் கழுவினேன். ஹிரசே அண்ணன், "பெயிண்ட் போயிடும், விடும்மா" என்றார். நான் போய்ச் சேரவில்லை சவா. சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஏழு வருஷமாக ஒவ்வொரு வண்டியிலும் ஹமாசுமிக்காரர் யாராவது ஏற மாட்டார்களா என்று முகம் முகமாகப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போ என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் கல்யாணம் செய்துகொள்ளக்கூடத் துணிந்தேன். உன்னைக் காப்பாற்ற அல்ல. எனக்கு வீட்டுக்குள் நுழைய ஒரு வழி வேண்டியிருந்தது. சமையலறை வழியாகவாவது.

இந்த மாதம் என்னை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். இன்று மதியம் மூன்றாவது நிறுத்தம். வெயில் கொளுத்தியது. முற்றத்தில் ஒரு வரிசை வந்தது, புதிதாகச் சேர்ந்தவர்கள், எல்லாரும் கறுப்பு அங்கி, மொட்டைத் தலைகள். கடைசியில் ஒரு குட்டை உருவம், முடி கழுத்தோடு வெட்டியிருந்தது. நான் அப்போது மண்டபத்தின் தூண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை எனக்கு அடுத்த வரி மறந்தது. "தூணு எத்தனைம்மா?" என்று ஒருவர் கேட்டார். "நிறைய" என்றேன்.

கிளம்பும் நேரத்தில் வண்டிக்குள் எண்ணினேன். எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினேன்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் ஹிரசே அண்ணன்.

"ஒண்ணு அதிகமா இருக்கு அண்ணே."

அவர் கண்ணாடியில் பின்வரிசையைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "அதிகமா இருந்தா என்ன, இறக்கியா விட முடியும்?" என்று கியரைப் போட்டார்.

அந்தப் பையன் உட்கார்ந்த அதே இடத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். நிலையம்வரை வந்தாய். இறங்கும்போது மற்றவர்களுக்குக் கும்பிட்ட மாதிரியே நான் உனக்கும் கும்பிட்டேன், நீயும் கும்பிட்டாய். உன் அங்கியில் நம் வீட்டு ஊதுவத்தி வாசனை. எனக்கு மூச்சு நிற்கவில்லை. வரட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். "படி பார்த்து இறங்குங்க" என்றுதான் வந்தது.

அப்பா சொன்ன சொல் இன்னும் வாசலில் நிற்கிறது, தெரியும். அதை மீறச் சொல்லிக் கேட்கவில்லை. திருவிழாவில் ஒரு வரியும் தடுக்காமல் ஓது. அது போதும் எனக்கு.

கினுவே


(தபால் அட்டை)
ஜூலை 20

அக்காவுக்கு. பயிற்சி முடிந்து வீடு வந்துவிட்டேன். கோயில் பலகையில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது. வாசல் இப்போது என் பொறுப்பு. அவர் சொன்னதை அவரால் திரும்ப வாங்க முடியாது, ஆகவே நான் வாங்கிக்கொண்டேன். ஆகஸ்ட் 13 மாலை முதல் விளக்கு ஏற்றுவோம். முன்வாசல் வழியாக வா. வீட்டில் உறை நிறைய இருக்கிறது, வேண்டுமென்றேதான் அட்டையில் எழுதுகிறேன், தபால்காரரும் தொரிகோயே ஐயாவும் படிக்கட்டும். எழுதியிருப்பதுதான் அர்த்தம். வேறு எதையும் யோசிக்காதே. வா.
சவாகோ